மூன்று மார்க்கும் ஒரு கட்டிலும்

வாத்தியார் வேலையில் சேர்ந்தவுடன் நீங்கள் முதலில் வாங்கும் பொருள் எது என்று எனக்குத் தெரியும். சிவப்பு மை. முதல் சம்பளம் கைக்கு வரும் முன்பே வாங்கியிருப்பீர்கள். நானும் அப்படித்தான் வாங்கினேன். அடுத்தவர் தாளில் பெரிதாக ஒரு தப்புக் குறி இழுப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. அப்படியெல்லாம் இல்லை என்று யாராவது சொன்னால் அவர் பொய் சொல்கிறார், அல்லது டிரில் மாஸ்டர். அந்தச் சுகத்தில் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்கிறேன். நடுவில் கொஞ்சம் கணக்கு வரும். பயப்பட வேண்டாம், அன்றைக்கு அந்தக் கணக்கு எனக்கும் தெரியாது.

அறுபதுகளின் கடைசி. பாப்பிரெட்டிப்பட்டியைத் தாண்டி, வகுப்பு ஜன்னலில் சித்தேரி மலை தெரிகிற மாதிரி ஒரு ஊர், அதில் ஓர் உயர்நிலைப் பள்ளிக்கூடம். பெயர் வேண்டாம், அந்தப் பள்ளிக்கூடத்தின் மேல் தப்பில்லை. எனக்கு இருபத்தைந்து வயது. பி.டி. பட்டம் முடித்த புதுக் கணக்கு வாத்தியார். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. தலைமையாசிரியர் ஒரு வரி எழுதினால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். மாரண்டஹள்ளியில் பெண் பார்த்து, மாசியில் கல்யாணம் என்று நிச்சயம் செய்திருந்தார்கள். ஆக, உலகத்தில் எல்லாம் தெரிந்தவனாக இருப்பதற்குரிய வயதும் நிலைமையும் எனக்கு வாய்த்திருந்தன.

அப்போது பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பான பதினோராம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தேன். அதில் ஒரு பாடம் உங்களுக்கும் வரும். பின்னத்தில் கீழே இருக்கிற எண்ணைப் பகுதி என்கிறோம். அந்தப் பகுதியில் வர்க்கமூலம், நாம் வாயால் சொல்கிற ரூட், வந்து உட்கார்ந்துகொண்டால் அதை வெளியேற்ற வேண்டும். மேலேயும் கீழேயும் அதே ரூட்டால் பெருக்கினால் கீழே இருக்கிற ரூட் காணாமல் போய்விடும். 12/√2 என்று கொடுத்தால் 6√2 என்று முடிக்க வேண்டும். நான் போர்டில் போட்டேன், பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு கை எழுந்தது.

அது ஜைத்தூன். ஊரில் தச்சுப் பட்டறை வைத்திருந்த காசிம் பாயின் மகள். வகுப்பில் மொத்தம் ஐந்து பெண்கள். மற்ற நால்வரும் வாயே திறக்க மாட்டார்கள். அந்த நால்வருக்கும் சேர்த்து இவள் பேசுவாள்.

"ரூட்டு கீழ இருந்தா என்ன சார்?"

புத்தகத்தில் பதில் இல்லை. எனக்குக் கல்லூரியில் சொல்லித் தந்தவரும் சொல்லவில்லை. அவருக்குச் சொன்னவரும் சொல்லியிருக்க மாட்டார். பரம்பரையாக யாருக்கும் தெரியாமல் எங்களிடம் வந்து சேர்ந்த விதி அது. நான் சமாளித்தேன்.

"செருப்பைப் போட்டுக்கிட்டு வூட்டுக்குள்ள வருவியா? அது மாதிரிதான்."

"எங்க பட்டறையில செருப்பு போட்டாத்தான் சார் உள்ளயே விடுவாங்க. ஆணி குத்தும்."

வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை, நிஜமாகவே பதிலுக்குக் காத்திருந்தாள். அதுதான் எனக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. மணி அடிக்கும் வரை நிற்கச் சொன்னேன். பதில் தெரியாத வாத்தியாரின் கையில் இருக்கிற ஒரே ஆயுதம் அது. நீங்களும் இதற்குள் இரண்டு மூன்று தடவை எடுத்திருப்பீர்கள்.

அப்போது ஒரு வழக்கம் இருந்தது. பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரையும் அரசுத் தேர்வுக்கு அனுப்பிவிட மாட்டார்கள். தை மாதம் பள்ளிக்கூடமே 'செலக்‌ஷன்' என்று ஒரு பரீட்சை வைக்கும். ஏதாவது ஒரு பாடத்தில் முப்பத்தைந்துக்குக் கீழே போனால் அந்த வருஷம் அனுப்ப மாட்டார்கள், அடுத்த வருஷம் மறுபடி அதே வகுப்பு. பிள்ளைகளின் நன்மைக்காக என்று சொல்லிக்கொள்வோம். உண்மையில் பள்ளிக்கூடத்தின் ரிசல்ட் குறையக்கூடாது என்பதற்காக. தேறாது என்று தோன்றுகிறவர்களை முன்கூட்டியே கழித்துவிட்டு, மிச்சம் இருப்பவர்களை வைத்து நூற்றுக்கு நூறு காட்டி மாலை வாங்கிக்கொள்வது. எங்கள் ஹெச்.எம். மூன்று வருஷமாக மாலை வாங்கியிருந்தார்.

அந்த வருஷம் செலக்‌ஷனுக்குக் கணக்குத் தாள் தயாரித்தவன் நான், திருத்தியவனும் நான். 12/√2 ஐச் சுருக்கு என்று ஒரு கேள்வி, மூன்று மார்க். நாற்பத்தொரு தாள் திருத்தினேன். இருபத்தேழாவதோ என்னவோ, ஜைத்தூனின் தாள். அந்தக் கேள்விக்கு அவள் ஒரு வட்டம் வரைந்திருந்தாள். வட்டத்துக்குள் ஒரு சதுரம். சதுரத்துக்குள் குறுக்கும் நெடுக்கும் இரண்டு கோடு. பக்கத்தில் பென்சிலில் பொடிப்பொடியாக இரண்டு வரி. கடைசியில் விடை 6√2. மேலேயும் கீழேயும் பெருக்குகிற படி எங்கேயும் இல்லை.

நான் அந்த இரண்டு வரியைப் படிக்கவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். படித்துவிட்டுப் புரியாமல் தப்புப் போடவில்லை, படிக்காமலே போட்டேன். படத்தைப் பார்த்த உடனே செருப்பு விஷயம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. படத்தின் மேல் மூலைக்கு மூலை சிவப்பில் இழுத்து, 'இது டிராயிங் வகுப்பு அல்ல' என்று கீழே எழுதினேன். எழுதிவிட்டு நன்றாக எழுதியிருக்கிறேன் என்று வேறு நினைத்துக்கொண்டேன். மொத்தம் கூட்டினால் முப்பத்துமூன்று.

வெள்ளிக்கிழமை காலையில் நோட்டீஸ் போர்டில் ஏழு பேரின் பெயர். அதில் அவளும் ஒருத்தி. மற்றப் பாடங்களில் அவளுக்கு ஐம்பது, அறுபது. தாளைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்வது பழக்கம். அவள் தாளைக் கொடுக்க வரும்போது மெதுவாகத்தான் கேட்டாள்.

"விடை சரிதானுங்களே சார்?"

"விடை சரி. வழி தப்பு."

"வழியும் சரிங்க சார். படிச்சுப் பாருங்க."

"எதிர்த்துப் பேசாதே. போ."

போய்விட்டாள்.

அன்று சாயங்காலம், கடைவீதியில் பொழுது சாய்ந்து கூட்டம் சேருகிற நேரத்தில், என் கல்யாணக் கட்டில் வந்தது. ஒரு மாதத்துக்கு முன்பே காசிம் பாயிடம் சொல்லி, முழுப் பணமும் கொடுத்திருந்தேன். அது அவள் அப்பா என்பதெல்லாம் அப்போது எனக்கு ஒரு விஷயமே இல்லை, ஊருக்கு அவர் ஒருவர்தான் தச்சர். வேங்கைக் கட்டில், தலைமாட்டில் கடைந்த உருண்டைகள். நான்கு பேர் தலையில் சுமந்து கடைவீதி முழுக்க ஊர்வலம் மாதிரி கொண்டுவந்து, என் அறையில் இறக்கினார்கள். கூடவே வந்த பாய் ஒரு வார்த்தை மகளைப் பற்றிப் பேசவில்லை. கட்டிலின் காலைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நூறு வருசம் இருக்குமுங்க" என்று சொல்லிப் போனார்.

மறுநாள் சனிக்கிழமை காலையில் கட்டிலில் உட்கார்ந்தால் ஆடியது. ஒரு கால் குட்டை. நேரே பட்டறைக்குப் போனேன், தாளில் தப்புப் போட்ட அதே உற்சாகத்தோடு.

"பாய், கட்டில் ஆடுது. ஒரு கால் சின்னதா இருக்கு."

"தரையைப் பாத்தீங்களா சார்?" என்றார்.

"தரையெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"வந்து பாக்கறனுங்க. இந்தக் கட்டையை மட்டும் குறிச்சுட்டு வந்துர்றேன்" என்றார். உருண்டையான வேப்பங்கட்டை ஒன்றை நிறுத்தி வைத்திருந்தார்கள். அதைச் சதுரத் தூணாக அறுக்க வேண்டும். எவ்வளவு பெரிய சதுரம் கிடைக்கும் என்று குறிக்கிறார். நூலைக் கட்டையின் முகத்தில் நடுவாகக் குறுக்கே பிடித்து அகலம் பார்த்தார். பன்னிரண்டு அங்குலம். நூலை இரண்டாக மடித்தார். மடித்த நூலை மூலைமட்டத்தின், அந்த 'ட' வடிவச் சட்டத்தின், ஒரு கையில் வைத்து ஒரு புள்ளி, இன்னொரு கையில் வைத்து ஒரு புள்ளி. இரண்டு புள்ளிக்கும் குறுக்கே நூலைப் பிடித்தார். அதுதான் சதுரத்தின் பக்கம். கட்டை முகத்தில் பென்சிலால் இழுத்தார். வட்டத்துக்குள் ஒரு சதுரம் வந்தது, உள்ளே குறுக்கும் நெடுக்கும் இரண்டு கோடு.

நான் சிவப்பில் அடித்த அதே படம்.

உள்வாசலில் ஜைத்தூன் உட்கார்ந்திருந்தாள். தாவணியால் ஒரு பக்கக் கன்னத்தை மூடியிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

"என்னங்க பாய், உடம்பு சரியில்லையா?"

"பல்லு வலிங்க" என்றார் பாய், கட்டையைப் பார்த்துக்கொண்டே. பிறகு, "படிப்புப் போதும்னு வெச்சுட்டனுங்க சார். இன்னொரு வருசம் அதே வகுப்புல வயசுக்கு வந்த புள்ளையை உக்கார வைக்க முடியாது. ஏரியூர்ல அவங்க மாமன் மவன் இருக்கான். வர்ற மாசம் பேசி முடிச்சரலாம்னு."

நான் கட்டிலை மறந்து வீட்டுக்கு ஓடினேன். அவள் தாளை எடுத்தேன். பென்சிலில் எழுதிய அந்த இரண்டு வரியை முதல் தடவையாகப் படித்தேன். 'பன்னிரண்டு அங்குல உருண்டையில் சதுரம் அறுத்தால் பக்கம் 12/√2. பாதி ஆறு, ஆறுக்கு ஆறு மட்டம் வைத்தால் குறுக்கே 6√2. ரெண்டும் ஒரே பக்கம், அதனால் ரெண்டும் ஒன்று.' தப்பே இல்லை. நான் சொல்லிக் கொடுத்த வழியில் இரண்டும் ஏன் சமம் என்று தெரியாமலே சமன் செய்யலாம். அவள் வழியில் ஏன் என்பதும் இருந்தது.

அப்புறம் ஒரு காகிதத்தில் 12 ஐ ரூட் இரண்டால், அதாவது 1.414 ஆல், வகுத்துப் பார்த்தேன். வாழ்க்கையில் அதுவரை செய்ததில்லை. காலேஜில் மெடல் வாங்கியவன், செய்து பார்த்ததில்லை. நீங்களும் கணக்கு மிஷினைத் தொடாமல் ஒரு தடவை வகுத்துப் பாருங்கள், நாக்குத் தள்ளிவிடும். 1.414 ஐ ஆறால் பெருக்குவதோ வாய்க்கணக்கு, 8.484. ரூட் கீழே இருப்பது பாவமும் இல்லை, செருப்பும் இல்லை. முடிவில்லாமல் நீள்கிற ஓர் எண்ணால் வகுப்பது கொடுமை, அதையே ஒரு முழு எண்ணால் பெருக்குவது சுலபம். அவ்வளவுதான் விஷயம். நூலை ரூட் இரண்டாக மடிக்க ஒருவராலும் முடியாது. இரண்டாக மடிக்க எல்லோராலும் முடியும்.

மற்ற நாற்பது தாளையும் பார்த்தேன். இரண்டு பேர் அந்தக் கேள்வியைத் தொடவில்லை. முப்பத்தெட்டு பேர் நான் சொன்னபடியே மேலும் கீழும் பெருக்கி முழு மார்க் வாங்கியிருந்தார்கள். அந்த முப்பத்தெட்டு பேரில் ஒருவருக்கும் ஏன் என்று தெரியாது. மார்க் போட்டவனுக்கும் தெரியாது. தெரிந்த ஒருத்திக்குப் பூஜ்யம்.

நியாயமாக என்ன செய்ய வேண்டும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. ஆனாலும் ஒரு மணி நேரம் அந்த ஆடுகிற கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். கட்டில் வந்தது வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஊரே பார்த்திருக்கிறது. சனிக்கிழமை தச்சரின் மகளுக்கு மூன்று மார்க் ஏறினால் ஊர் என்ன கணக்குப் போடும்? அந்தக் கணக்குக்குப் படிகள் தேவையே இல்லை. வேலை போய்விடும், வேலை போனால் மாரண்டஹள்ளிக்காரர்கள் பெண் கொடுக்க மாட்டார்கள். பேசாமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியாது. அவள் ஒருத்திக்குத்தான் தெரியும், அவளும் ஏரியூருக்குப் போய்விடுவாள். இப்படியெல்லாம் நான் யோசித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. உங்களுக்கும் ஒரு நாள் அந்த ஒரு மணி நேரம் வரும்.

மத்தியானம் தாளை எடுத்துக்கொண்டு ஹெச்.எம். வீட்டுக்குப் போனேன். அவர் சரித்திரம் படித்தவர். களி சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். தாளை நீட்டி, நான் திருத்தியது தப்பு, இந்தப் பெண் பாஸ் என்று சொன்னேன். அவர் சிவப்புக் கோட்டையும் அதன் கீழே நான் எழுதியதையும் படித்தார்.

"டிராயிங் வகுப்பு இல்லைன்னு எழுதியிருக்கீங்க. இப்ப டிராயிங்குக்கு மார்க் போடணுங்கறீங்க. அந்த ரூட்டு கீழ இருந்தா என்ன, அதைச் சொல்லுங்க மொதல்ல."

அவள் கேட்ட அதே கேள்வி. இந்தத் தடவை என்னிடம் செருப்பு இல்லை. கழுவி வைத்திருந்த பித்தளைத் தட்டைக் கவிழ்த்து, சட்டைப் பையில் இருந்த சாக்பீஸால் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டு, முனைகளைச் சேர்த்துச் சதுரம் வரைந்தேன்.

"இந்தப் பக்கம் எவ்வளவுன்னு தெரியணும் சார். மொத்த அகலத்தை ரூட் ரெண்டால வகுக்கலாம். வகுத்து முடிக்கறதுக்குள்ள மரம் உளுத்துப் போயிரும். இல்லன்னா பாதி அகலத்தை எடுத்து ரூட் ரெண்டால பெருக்கலாம், அதாவது பாதிக்குப் பாதி மட்டம் வெச்சுக் குறுக்க அளக்கலாம். ரெண்டும் ஒன்னுதான். இது சுலபம், அதான் ரூட்டை மேல தூக்கறோம்."

ஹெச்.எம். தட்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"எனக்கே புரியுதே. இதை ஏன் வகுப்புல சொல்லலை?"

"எனக்கே இன்னைக்குக் காலைலதான் சார் தெரியும்."

அவர் சிரித்தார். அப்பாடா என்று நினைத்தேன். உடனே கேட்டார்.

"கட்டில் நல்லா இருக்குதாமே?"

நான் சாக்பீஸைத் திரும்பச் சட்டைப் பையில் போட்டேன்.

"நான் சரித்திர வாத்தியார் தம்பி. எந்த ராஜா யாருகிட்ட எதை வாங்கிக்கிட்டு எதைக் குடுத்தான்னுதான் வருசமெல்லாம் சொல்லிட்டிருக்கேன். பணம் குடுத்துத்தான் வாங்கினேன்னு நீங்க சொல்லலாம். ஊரு கேக்காது. திங்கக்கெழமை காலைல மொத பஸ்ஸுல லிஸ்ட் தருமபுரிக்குப் போகுது. அதுக்குள்ள அந்தக் கட்டில் வந்த வழியே திரும்பிப் போகணும். அதே கடைவீதி, அதே மாதிரி பகல்ல. ரிசல்ட் வர்ற வரைக்கும் அது உங்க வூட்ல இருக்கக்கூடாது. அப்புறம் இந்தத் தாள்ல என்ன தப்புப் பண்ணீங்கன்னு உங்க கையால எழுதிக் கையெழுத்துப் போடுங்க. முடியுமா?"

முடியும் என்றேன். அங்கேயே உட்கார்ந்து சிவப்பு மையில் எழுதினேன். 'இந்த விடை சரி. நான் தவறாகத் திருத்திவிட்டேன்.' அந்த வருஷம் பள்ளிக்கூடத்துக்கு நூற்றுக்கு நூறு வராமல் போகலாம் என்று தெரிந்தும் அந்த மனிதர் பக்கத்தில் தன் கையெழுத்தையும் போட்டார். அவரைப் பற்றி எனக்கு வேறு பல புகார்கள் உண்டு, ஆனால் இதற்காக அவரை இன்றைக்கும் கும்பிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்ச் சந்தை. எட்டு ஊர் ஜனம் கடைவீதியில். அதன் நடுவே நான்கு பேர் கட்டிலைத் தூக்கிக்கொண்டு முன்னே போக, நான் பின்னால் போனேன். கட்டில் திரும்பிப் போவதைப் பார்த்த ஊர் மூன்று மார்க்கைப் பற்றி ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

"என்னுங்க சார், கல்யாணம் நின்னு போச்சா?" என்றார் வெற்றிலைக் கடைக்காரர்.

"இல்லீங்க."

"பொண்ணு வூட்ல ஏதாச்சும் பேச்சா?"

"இல்லீங்க."

"பின்ன என்னத்துக்குக் கட்டில் போவுது?"

"கணக்குங்க" என்றேன். அவர் அனுதாபத்தோடு தலையை ஆட்டினார்.

பட்டறை வாசலில் பாய் கட்டிலைப் பார்த்து முகம் சுருங்கினார். "என்னங்க சார், கால் ஒன்னு சின்னதுன்னு சொன்னதுக்கு மொத்தமாவா திருப்பறது? வந்து பாக்கறேன்னுதானே சொன்னேன்."

"கட்டில்ல குறை இல்லை பாய். ஜைத்தூன் பாஸ். அவ எழுதினது சரி, திருத்தினவன் நான்தான் தப்பு. ஊரு வாய்க்காகக் கட்டில் இங்கயே இருக்கட்டும். ரிசல்ட் வந்தப்புறம் அனுப்புங்க."

பாய் என்னையே பார்த்தார். பிறகு கட்டிலை உள்ளே கொண்டுபோகச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். கோபம் என்று நினைத்தேன். நியாயமான கோபம்தான் என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை லிஸ்ட் போனது. ஜைத்தூனைக் கூப்பிட்டுத் தாளைக் கொடுத்தேன். நான் எழுதியதை அவள் இரண்டு தடவை படித்தாள்.

"தேதி போடலீங்க சார்" என்றாள்.

தேதி போட்டுக் கொடுத்தேன். "இதை நான் வெச்சுக்கட்டுங்களா?" என்று கேட்டாள். வைத்துக்கொள் என்றேன்.

செவ்வாய்க்கிழமை மாரண்டஹள்ளியிலிருந்து என் வருங்கால மாமனார் பஸ் மாறி மாறி வந்து இறங்கினார். கட்டில் திரும்பிய சேதி சந்தை ஜனத்தோடு மாவட்டத்தின் மறுகோடி வரை போயிருக்கிறது. "எங்க பக்கம் ஏதாவது குறையாங்க மாப்பிள்ளை?" என்றார், கண்ணெல்லாம் கலங்கி. அந்த மனிதருக்குப் பகுதியில் இருக்கிற ரூட்டை எப்படி மேலே கொண்டுபோவது என்று அரை மணி நேரம் விளக்கினேன். அவர் ஒன்றும் புரியாமல், ஆனால் கல்யாணம் உண்டு என்பது மட்டும் புரிந்து, காபி குடித்துவிட்டுத் திரும்பிப் போனார். மாசியில் கல்யாணம் நடந்தது. வைகாசி வரைக்கும் கோரைப் பாயில்தான் படுக்கை. "ஒரு பின்னத்துக்காக என்னைத் தரையில படுக்க வெச்ச மனுசன்" என்று என் மனைவி இன்றைக்கும் வருகிறவர்களிடம் என்னை அறிமுகப்படுத்துவாள்.

ஜைத்தூன் அரசுத் தேர்வில் பாஸ். கணக்கில் நாற்பத்துச் சொச்சம்தான், பெரிய மேதை ஒன்றும் இல்லை. இந்த மாதிரிக் கதைகளில் அந்தப் பெண் பின்னால் பெரிய விஞ்ஞானியாகிவிடுவாள் என்று எதிர்பார்ப்பீர்கள். ஆகவில்லை. மூன்று மார்க் கிடைக்க அவள் மேதையாக இருக்க வேண்டியதில்லை, விடை சரியாக இருந்தால் போதும்.

ரிசல்ட் வந்த மறுநாள் உச்சி வெயிலில் அதே கடைவீதி வழியாக, அதே நான்கு பேர் தலையில், கட்டில் திரும்பி வந்தது. மனைவி அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். காசிம் பாய் ஆட்களை அனுப்பிவிட்டுத் தான் மட்டும் நின்றார். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொம்பைக் கீழே வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"சேலத்துல டீச்சர் ட்ரெய்னிங் சேரணும்னு நிக்கறாளுங்க. சேத்துடலாம்னு இருக்கேன்."

"நல்லதுங்க பாய்."

"அன்னைக்கு நீங்க பட்டறைக்கு வந்தப்ப பல்லு வலின்னு சொன்னனுங்களே, அது பல்லு வலி இல்லீங்க." சொம்பை ஒரு தடவை திருப்பினார். "மொத நாள் ராத்திரி சோறு திங்கறப்ப, சார்தான் தப்பாப் போட்டாரு, நான் எழுதினது சரின்னு சொல்லுச்சு. வாத்தியாரு தப்புப் பண்ணுவாராடின்னு அறைஞ்சுட்டனுங்க. நாலு பேரு முன்னாடி. அதுக்கு முந்தி அவளைத் தொட்டதில்லை."

நான் படிக்காமல் இழுத்த கோடு அவள் கன்னம் வரைக்கும் போயிருக்கிறது. அவள் அப்பாவுக்கு என் மேல் அவ்வளவு நம்பிக்கை. இத்தனை நாளும் எனக்கு அது தெரியாது, அவளும் சொல்லவில்லை.

"பேசறாளுங்க, சோறு போடறா. மூஞ்சியைப் பாக்கறதில்லை. நீங்க அவ தாள்ல எழுதிக் குடுத்தீங்களாம், பொட்டியில துணிக்கு அடியில வெச்சிருக்கா. அந்த மாதிரி நானும் ஒன்னு குடுக்கணும். எனக்கு எழுதத் தெரியாதுங்க. நீங்கதான் எழுதித் தரணும்."

காகிதம் எடுத்தேன். வீட்டில் இருந்தது சிவப்பு மை மட்டும்தான். என்ன எழுதட்டும் என்று கேட்டேன். நீங்கள் எழுதின மாதிரியே என்றார். 'நீ சொன்னது சரி. நான் தவறாக அடித்துவிட்டேன்' என்று எழுதிப் படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார், படித்தேன்.

"தேதி போட்டுருங்க. இல்லன்னா ஒத்துக்க மாட்டா."

"இன்னைக்குத் தேதியா, அன்னைக்குத் தேதியா?"

கொஞ்சம் யோசித்தார். "இன்னைக்கே போடுங்க. இன்னைக்குத்தானே சொல்றேன்."

கட்டை விரலில் சிவப்பு மையைத் தடவிக் கீழே அழுத்தினார். மிச்ச மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டார். காகிதத்தை முனைக்கு முனை சரியாகச் சேர்த்து இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனார்.

அவர் போன பிறகு கட்டிலைப் பழைய இடத்துக்கே இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஆடியது. எழுந்து, மண்டி போட்டு, காசிம் பாய் அன்றைக்கே பார்க்கச் சொன்ன தரையை இந்தத் தடவை பார்த்தேன்.